தார் போடாததும் ஒரு வேலைதான்

புதிதாக ஒரு சாலையைப் பார்த்தால் நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பது என் வழக்கம். முப்பத்திரண்டு வருடம் நெடுஞ்சாலைத் துறையில் வேலை பார்த்து, உதவிக் கோட்டப் பொறியாளராக ஓய்வு பெற்றவள் நான். சாலையின் நடுமேட்டுச் சரிவை அளக்கும் கேம்பர் பலகையை எந்த இடத்தில் வைத்தால் கணக்குச் சரியாக வருமோ, ஒப்பந்ததாரர் அந்த இடத்தில் வைத்துக் காட்டுவார். நான் ஜீப்பிலிருந்து பாட்டிலை எடுப்பேன். ஊற்றிய தண்ணீர் இரண்டாகப் பிரிந்து இரண்டு ஓரத்துக்கும் ஓடினால் எம்-புக் என்கிற அளவுப் புத்தகத்தில் கையெழுத்து. நடுவிலேயே தேங்கி நின்றால் ரோலர்காரர் அன்றைக்கு நேரத்துக்குச் சாப்பிடப் போக முடியாது.

போன செப்டம்பர் கடைசியில், இத்தாலியில், சியேனா நகருக்கு வடகிழக்கே ஒரு திராட்சைத் தோட்டத்து நடுவில் சைக்கிளை நிறுத்தி இதையே செய்தேன். மகன் தலையில் கைவைத்துக்கொண்டான். "அம்மா, நீ ரிட்டயர் ஆகி மூணு வருசம் ஆச்சு."

தண்ணீர் இரண்டாகப் பிரிந்தது. நூறு சென்டிமீட்டருக்கு நாலு சென்டிமீட்டர் சரிவு இருக்கும். கப்பிச் சாலைக்கு நாங்கள் வைக்கும் அளவும் ஏறக்குறைய அதுதான். தார் என்றால் அதைவிடக் குறைத்து வைத்தாலும் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். கப்பி அப்படியில்லை, கொஞ்சம் ஏமாந்தால் குடித்துவிடும், குடித்த இடம் பள்ளமாகும். ஆக, யாரோ அண்மையில் அக்கறையாக வேலை பார்த்திருக்கிறார்கள். அந்த யாரோவுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வட்டாரத்துக்குப் போய்வந்தவர்கள் எடுக்கும் வீடியோக்களில் 'மனிதக் கை படாத இயற்கை' என்று ஒரு வரி வந்துவிடுகிறது. கை படாத இடம் அங்கே ஒரு சாண்கூட இல்லை. மேட்டுக்கு மேடு ஒற்றைக் கல்வீடு, வீட்டுக்கு நாலைந்து சைப்ரஸ் மரம், சரிவெல்லாம் சீப்பால் வாரியதுபோல் திராட்சை வரிசை, இடையிடையே ஆலிவ், எல்லாவற்றுக்கும் ஊடே வளைந்து வளைந்து போகும் வெள்ளைக் கப்பிச் சாலை. ஸ்த்ராதே பியாங்கே என்கிறார்கள் அதை. வெள்ளைச் சாலைகள் என்று பொருள். பெயரில் கவிதை ஒன்றும் கிடையாது. கியாந்தி மலைகளில் தோண்டினால் அல்பெரேஸே என்ற வெளிறிய சுண்ணாம்புக் கல் வரும். அதை உடைத்துப் பக்கத்திலேயே போட்டார்கள், சாலை வெள்ளையானது. எங்கள் ஊரில் செம்மண்ணை வெட்டிப் போட்டோம், பாதை சிவப்பாக இருந்தது.

எங்கள் ஊர் என்றால் கம்பம். திராட்சைக்கு அடியில் வளர்ந்தவள் நான், சொன்ன அர்த்தத்திலேயே. அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றுவோம்; தலைக்கு மேலே கொத்து தொங்கும், குனிந்துதான் நடக்க வேண்டும். 2023-ல் எங்கள் பன்னீர் திராட்சைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது சொந்தப் பிள்ளை பாஸானதுபோல இருந்தது. தோட்டத்துக்குத் தோட்டம் கவாத்து தேதியைத் தள்ளிவைப்பதால் வருடம் முழுக்க எங்காவது பழம் இருக்கும். கியாந்தியில் கொடியை இடுப்புயரக் கம்பியில் கட்டி வரிசை பிடித்திருக்கிறார்கள். வருடத்துக்கு ஒரே அறுவடை, அது செப்டம்பரிலும் அக்டோபரிலும். மலையடிவாரத்தில் திராட்சை இரண்டு ஊருக்கும் பொது. ஆனால் நான் அப்பாவின் அட்லஸ் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் போன வண்டிப்பாதைகள் பலவும் இன்றைக்குத் தார். அவற்றில் இரண்டுக்கு எஸ்டிமேட் போட்டதே நான்தான்.

சைக்கிளைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வாடகைக்கு எடுத்தது, மோட்டார் துணை உள்ளது. அறுபத்தொரு வயதில் அந்த மேடுகளை வெறும் காலால் மிதித்து ஏறினேன் என்றால் என் முழங்காலே சிரிக்கும். டயர் நாற்பது மில்லிமீட்டர் அகலம். காற்று பாதிதான் அடித்துக் கொடுத்தார்கள். நம்மூரில் கட்டைவிரலால் அமுக்கினால் அமுங்காத அளவுக்கு அடித்தால்தான் கடைக்காரரை விடுவோம். இங்கே கப்பியின் ஒவ்வொரு கல்லின் மேலும் டயர் அமுங்கி வழிவிட்டு உருண்டது. கல் தெறிக்கவில்லை, முதுகு குலுங்கவில்லை. சக்கரத்துக்கு அடியில் நறநறவென்று பொடிக்கல் அரைபடும் சத்தம், அதுவும் நின்றால் இல்லை. முதல் நாள் இரண்டு மணி நேரத்தில் எங்களைக் கடந்துபோனது ஒரு டிராக்டர், ஒரு கார், எதையோ தேடிப் போன ஒரு நாய்.

அமைதிதான், சந்தேகமில்லை. ஆனால் சாலை போட்டே ஆயுளைக் கழித்தவளுக்கு ஆளில்லாத சாலையைப் பார்த்தால் முதலில் வருவது கேள்வி. இத்தனை கிலோமீட்டர் எதற்கு? இந்த ஜனத்தொகைக்கு இத்தனை சாலை என்று நான் கோப்பு அனுப்பியிருந்தால் மேலதிகாரி முகத்தில் விட்டெறிந்திருப்பார்.

பதில் அந்த ஒற்றைக் கல்வீடுகளில் இருக்கிறது. நம் விவசாயி ஊரில் குடியிருப்பான், காலையில் காட்டுக்குப் போய் மாலையில் திரும்புவான். இங்கே அப்படி இல்லை. மெத்ஸாத்ரியா என்று ஒரு முறை பல நூற்றாண்டு நடந்திருக்கிறது. நம் பாதி வாரம்தான் அது. நிலமும் வீடும் பண்ணையாருடையது, உழைப்பு குடியானவனுடையது, விளைச்சலில் ஆளுக்குப் பாதி. குடும்பம் அந்த நிலத்து நடுவிலேயே குடியிருக்க வேண்டும். ஒரு மேடு, ஒரு வீடு, ஒரு குடும்பம். அதனால் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு பாதை தேவைப்பட்டது. கோதுமை மில்லுக்குப் போக, திராட்சை பண்ணையாரின் கிடங்குக்குப் போக, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக. கியானீனா என்ற வெள்ளை மாடுகள் இழுத்த வண்டிகள் ஓடிய தடம்தான் இன்றைக்கு நாம் படம் எடுக்கும் சாலை.

போருக்குப் பிறகு, ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும், குடியானவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார்கள். பாதி வாரத்துக்குப் புது ஒப்பந்தம் போடக் கூடாது என்று 1964-ல் சட்டமே வந்தது. கூரை விழுந்த கல்வீடுகளைப் பின்னாளில் இங்கிலாந்துக்காரர்களும் ஜெர்மானியர்களும் வாங்கினார்கள். கியாந்திஷயர் என்று ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டு மாவட்டம்போலவே அதற்குக் கேலிப்பெயர் வைக்கும் அளவுக்குப் போனது. கோதுமையும் ஆலிவும் மரத்தில் ஏற்றிய திராட்சையும் கலந்து கிடந்த வயல்கள் போய், டிராக்டர் ஓட்டத் தோதாகத் திராட்சை மட்டும் வரிசை கட்டியது. சாலை மட்டும் அப்படியே நின்றது. யார் தார் கேட்பது? கேட்க வேண்டியவர்கள் ஊரில் இல்லை.

நாங்கள் ரசித்த அமைதி வெளியேறிப் போனவர்கள் விட்டுச்சென்றது. இதை நினைவில் வைத்துக்கொண்டுதான் மேலே பேச வேண்டும்.

விட்டுச்சென்றது என்றாலும் தானாக மிஞ்சவில்லை. தொண்ணூறுகளில், மீதமிருந்த வெள்ளைச் சாலைகளும் ஒவ்வொன்றாகத் தாருக்குள் போய்க்கொண்டிருந்தபோது, கையோலே என்ற சிற்றூரைச் சேர்ந்த ஜான்கார்லோ ப்ரோச்சி என்பவர் ஒரு யோசனை செய்தார். பழைய சைக்கிள்களில், பழைய சாலைகளில், பழைய காலத்துப் பந்தயக்காரர்கள்போல ஒரு நாள் ஓட்டுவோம்; சாலையை ஆள் பயன்படுத்துகிறார்கள் என்று தெரிந்தால் தார் போட யோசிப்பார்கள். எரோய்க்கா என்று பெயர். 1997-ல் நடந்த முதல் ஓட்டத்துக்கு வந்தவர்கள் 92 பேர். இப்போது ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். 1987-க்கு முன் செய்த பந்தய சைக்கிளாக இருக்க வேண்டும், கியர் நெம்புகோல் சட்டத்தின் சாய்வுக் குழாயில் இருக்க வேண்டும், பிரேக் கம்பி ஹாண்டில்பாருக்கு வெளியே தெரிய வேண்டும் என்று விதி. அப்பாவின் அட்லஸ் வயதில் தேறும்; பந்தய சைக்கிள் இல்லை என்பதால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். பின்னால் நெல் மூட்டை கட்டிக்கொண்டு அதில் போனவர் ஓட்டியது பந்தயத்தைவிடக் குறைச்சலா என்று எனக்கு ஒரு தாங்கல் உண்டு.

அக்டோபர் முதல் ஞாயிறு அது நடக்கும். அதைப் பார்ப்பதற்காகவே ஒரு வாரம் கூடுதலாகத் தங்கினேன். நீண்ட பாதையைத் தேர்ந்தவர்களுக்கு 209 கிலோமீட்டர். விடியும் முன்பே புறப்பட்டுவிடுகிறார்கள். ப்ரோலியோ கோட்டைக்கு ஏறும் கப்பிச் சாலையில், சைப்ரஸ் மரங்களுக்கு அடியில், வழிநெடுக விளக்கு ஏற்றிவைத்திருந்தார்கள். இருட்டில் கம்பளிச் சட்டை போட்ட கிழவர்கள் மூச்சு வாங்கும் சத்தமும் பழைய சங்கிலிகள் கிரீச்சிடும் சத்தமும் மட்டும் மேலே ஏறிப் போயின. கார்த்திகை அன்றைக்கு மலை ஏறுகிற கூட்டம் நினைவுக்கு வந்தது. அந்தக் கோட்டைக்குச் சொந்தக்காரரான பெத்தீனோ ரிக்காசோலி இத்தாலியின் பிரதமராக இருந்தவர். கியாந்தி மதுவில் எந்தத் திராட்சை எதற்காகச் சேர வேண்டும் என்று 1872-ல் கடிதம் எழுதி வரையறுத்தவரும் அவர்தான். பிரதமராக என்ன செய்தார் என்று அங்கே யாரும் பேசிக் கேட்கவில்லை. மதுக் கடிதத்தை எல்லோரும் சொல்கிறார்கள்.

வழியில் சாப்பாட்டுப் பந்தலும் உண்டு. ரிபொல்லீத்தா என்று ஒரு கெட்டிச் சூப்: பழைய ரொட்டி, பயறு, கருங்கீரை போன்ற ஒரு கோஸ். 'திரும்பக் கொதித்தது' என்று பெயருக்கு அர்த்தம். நம் சுண்டக்குழம்பின் மாமன் மகள் என்று வைத்துக்கொள்ளலாம். ரொட்டியில் உப்பே போடுவதில்லை அந்த ஊரில். அதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. மது நான் குடிப்பதில்லை. என் பங்கு வீணாகவில்லை, மகன் பார்த்துக்கொண்டான்.

ப்ரோச்சியின் யோசனை பலித்தது, வேண்டியதற்கு மேலேயே. 2007-ல் இதே சாலைகளில் தொழில்முறைப் பந்தயம் தொடங்கியது. இப்போது ஸ்த்ராதே பியாங்கே என்றாலே உலகத்தில் பலருக்கும் அந்தப் பந்தயம்தான். 2015-லிருந்து பெண்களுக்கும் நடக்கிறது. ஸ்விட்சர்லாந்துக்காரர் ஃபாபியன் கான்செல்லாரா மூன்று முறை வென்றதால் ஒரு கப்பிச் சாலைத் துண்டுக்கு அவர் பெயரையே சூட்டினார்கள். எங்கள் துறையில் மந்திரி பெயர் வைப்போம். மிதித்தவன் பெயர் வைப்பது நல்ல யோசனையாகத்தான் படுகிறது. முடிவில் சியேனா நகருக்குள் சாந்தா கத்தரீனா தெரு என்று ஒரு கல்பாவிய ஏற்றம், சரிவு 16 சதவீதம் வரை போகும். அங்கே நான் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். மோட்டார் இருந்தும்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. மூன்றாம் நாள், ஒரு மேட்டு வீட்டின் வாசலில் தண்ணீர் கேட்டு நின்றோம். எண்பது வயதைத் தாண்டிய பாட்டி. வாரக் குடியானவரின் மகளாக அதே வட்டாரத்தில் பிறந்தவராம். சாலை ரொம்ப அழகு என்று மகனை விட்டு இத்தாலிய மொழியில் சொல்லச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னதை மகன் இப்படி மொழிபெயர்த்தான்: "அம்பது வருசம் துவைச்ச துணியில இருந்து இந்த அழகைத்தான் உதறிக்கிட்டு இருந்தேன்."

எனக்கு அந்தப் பாட்டியைப் பிடித்துப்போயிற்று. ஏனென்றால் சாலைக்குத் தார் வந்ததே தூசிக்குப் பயந்துதான். கார் வந்த காலத்தில் பணக்கார ஊர்களில்கூடச் சாலையோரத்தில் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. 1902-ல் மொனாக்கோவில் குல்யெல்மினெத்தி என்ற ஸ்விஸ் மருத்துவர்தான் சாலைமேல் சூடான தாரைப் பூசிப் பார்க்கச் சொன்னார். 'தார் டாக்டர்' என்றே பெயராகிவிட்டது அவருக்கு. அவர் பார்த்தது நுரையீரலை. வழவழப்பு அப்புறம் வந்தது.

தூசி என்பது என்ன என்று விளக்கினால் என் கட்சி இன்னும் தெளிவாகும். கப்பிச் சாலையில் பெரிய கல்லும் சின்னக் கல்லும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதற்கு இடையில் மாவுபோல் நைந்த மண் வேண்டும், அதுதான் பசை. கார் வேகமாகப் போனால் முதலில் கிளம்புவது அந்தப் பசை. பின்னால் எழுகிற வெள்ளை மேகம் படத்தில் அழகாகத்தான் இருக்கும். சாலை கிளம்பிப் போகிறது என்று அதற்கு அர்த்தம். பசை போனபின் கல் உதிரும், உதிர்ந்த கல்லில் சக்கரம் தத்தும், தத்தித் தத்தி மணல்மேட்டில் காற்று போட்ட வரிபோலக் குறுக்கே வரிவரியாகச் சாலை எழும்பும். வேகம் குறைவாக இருந்தால் அந்த வரி விழாது. அதனால்தான் மாட்டு வண்டி குழித்தடம் போட்டதே தவிர ஒருநாளும் வரி போடவில்லை.

தூசி போய் உட்காரும் இடமும் இருக்கிறது. சாலையோரத்து முதல் இரண்டு வரிசைத் திராட்சை மாவு பூசியதுபோல் நின்றது. தூசி படிந்த இலையில் சிலந்திப்பூச்சி பெருகும் என்று கம்பத்தில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வரிசையில் பழம் பறித்துக்கொண்டிருந்த ஒரு பஞ்சாபி இளைஞன் மூக்கையும் வாயையும் துண்டால் கட்டியிருந்தான். என் உடைந்த ஹிந்தியில் பேச்சுக் கொடுத்தேன். சைக்கிள்காரர்கள் நல்லவர்கள், தூசி கிளப்புவதில்லை, ஜீப்பில் மது ருசி பார்க்க வருகிறவர்கள்தான், என்றான். பிறகு நான் திராட்சை ஊர்க்காரி என்று தெரிந்ததும் கத்தரியை என் கையில் கொடுத்து ஒரு கொத்து வெட்டச் சொன்னான். நிமிர்ந்தே பழக்கப்பட்ட கைக்குக் குனிந்து வெட்ட வரவில்லை. அவன் சிரித்தான்.

எனவே என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சாலைகளுக்குத் தார் போடக் கூடாது. ஆனால் போடாமலிருப்பதன் செலவைப் பாட்டியின் துணியும் அந்தப் பையனின் மூக்கும் கட்டக் கூடாது. கப்பிச் சாலைக்குத் தாரைவிட அடிக்கடி வேலை உண்டு: ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சீவ வேண்டும், ஓரக் கால்வாயைத் தூர்வார வேண்டும், போன மண்ணைத் திரும்பப் போட வேண்டும், கோடையில் வீட்டோரம் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு புட்டி மதுவுக்கும் ஒரு வாடகை சைக்கிளுக்கும் கொடுக்கும் பணத்தில் சாலைக்கு என்று ஒரு சிறு தொகை வைத்தால் எவனும் ஊருக்குத் திரும்பிப் போய்விட மாட்டான். நான் கொடுத்திருப்பேன். வீடுள்ள இடத்தில் காருக்கு மாட்டு வண்டி வேகம்தான் என்று பலகை வைக்கலாம். நாலு சக்கரத்தில் சாகசம் காட்ட வருகிற கூட்டத்தை அந்தச் சாலைக்குள் விடவே வேண்டாம். அமைதியைத் தேடி வந்து அதைக் கெடுத்துவிட்டுப் போகிற சுற்றுலாவுக்குச் சாலை போட்டுக் கொடுக்கும் கடமை எந்தப் பொறியாளருக்கும் கிடையாது.

நம்மூருக்கு வருகிறேன். ஓய்வு பெற்ற பிறகு ஞானம் வந்து தார்ச் சாலையைத் திட்டுகிறாள் என்று என் பழைய சகாக்கள் நினைக்கக் கூடாது. 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ல் பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கியபோது, சமவெளியில் 500 பேர், மலையில் 250 பேர் உள்ள குடியிருப்புக்கெல்லாம் எந்தப் பருவத்திலும் போகும் சாலை என்பது இலக்கு. அதில் வேலை பார்த்ததில் எனக்குப் பெருமை மட்டும்தான். பிரசவ வலி கண்டவளைக் கட்டிலில் தூக்கிப் போன பாதையை நான் பார்த்திருக்கிறேன். அங்கே வெள்ளைச் சாலையின் அழகைப் பற்றிப் பேசுகிறவனைப் பார்த்தால் கட்டிலின் ஒரு காலைப் பிடிக்கச் சொல்வேன். மக்கள் குடியிருக்கும் இடத்துக்குப் பஸ் போக வேண்டும், தார் வேண்டும்.

நான் கேட்பது மற்ற பாதைகளை. தோட்டத்துக்கு மட்டும் போகும் வண்டிப்பாதை, வாய்க்கால் கரை, மந்தைப் பாதை. ஒரு கிராமத்தில் தார் போட்டு முடித்த அன்று ஆடு மேய்க்கிற பெரியவர் ஒருவர் என்னிடம் வந்தார். "ரோடு போட்டுட்டீங்க, நல்லது தாயீ. சித்திரை வெயில்ல என் ஆடு இதுல எப்படி நடக்கும்?" அதற்கு எஸ்டிமேட்டில் இடமில்லை. ஓரத்தில் பெர்ம், அதாவது தார் போடாத மண் ஓரம், இருக்கிறதே என்றேன். பெர்மில் அதற்குள் யாரோ செங்கல் அடுக்கியிருந்தார்கள்.

தோட்டப் பாதைக்கு நல்ல கிராவல் போட்டு, நடுமேடு வைத்து, வருடத்துக்கு இரண்டு முறை சீவிவிட்டால் போதும். டிராக்டர் போகும், ஆடு போகும், சைக்கிள் போகும், மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும். அதைச் செய்ய மாட்டோம். தார் போட்டால் திறப்பு விழா நடத்தலாம், கல்வெட்டு வைக்கலாம். கிராவல் ரோட்டைச் சீவிவிட்டதற்கு யார் வந்து ரிப்பன் வெட்டுவார்? பராமரிப்பு என்றால் நமக்கு அவ்வளவுதான். 1997-ல், அதாவது கையோலேயில் அந்த 92 பேர் மிதித்த அதே வருடம், இங்கே 10,000 சாலைப் பணியாளர்களை வேலைக்கு எடுத்தார்கள். 2002-ல் மொத்தமாக வீட்டுக்கு அனுப்பினார்கள். 41 மாதம் கழித்துத் திரும்ப எடுத்தார்கள். ஓரத்துப் புல்லைச் செதுக்கி, தண்ணீர் போக வழி வெட்டிவிடுகிற ஆள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை அந்த 41 மாதமும் சாலைகள் காட்டின.

சரி, இத்தாலிக்கே திரும்பிவிடுகிறேன். கடைசி இரண்டு நாள் சியேனாவுக்குத் தெற்கே, கிரேத்தே சேனேஸி என்ற பகுதியில் ஓட்டினோம். அங்கே கல் மலை இல்லை, கடலடியில் படிந்த களிமண் மேடுகள். அறுத்த கோதுமைக் காடு சாம்பல் நிறத்தில் அலையலையாகக் கிடக்கும். கான்செல்லாராவின் பெயர் சூட்டப்பட்ட மோந்தே சாந்தே மரீயே சாலை இங்கேதான். பதினொன்றரை கிலோமீட்டர், இறங்கி ஏறி, இறங்கி ஏறி. ஒரு இறக்கத்தில் வளைவின் வெளி ஓரத்தில் குவிந்திருந்த பொடிக்கல்லில் முன் பிரேக்கைப் பிடித்துத் தொலைத்தேன். பின்னதை மட்டும் பிடி என்று மகன் காலையில்தான் சொல்லியிருந்தான். முழங்கை உரிந்தது, கல் இரண்டு உள்ளங்கையில் பதிந்தது. முப்பத்திரண்டு வருடம் கல்லை அளந்தவளைக் கல் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொண்டது.

அன்றிரவு நல்ல மழை. மறுநாள் காலையில் அந்தக் களிமண் தன் சுயரூபத்தைக் காட்டியது. விளாத்திகுளம் கரிசலில் மூன்று வருடம் வேலை பார்த்தவளுக்கு அது புதிதல்ல. ஒரு அடி வைத்தால் செருப்போடு ஒரு படி மண் கூட வரும். சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே அப்பி சைக்கிள் நின்றேவிட்டது. 2018 பந்தயத்தில் பனியும் சேறுமாகப் போட்டியாளர்கள் முகம் தெரியாமல் சியேனாவுக்குள் வந்தார்களே, அந்தப் படங்களைப் பார்த்துச் சிரித்ததற்குத் தண்டனை. குச்சியால் மண்ணைச் சுரண்டிக்கொண்டே அஷானோ பக்கம் தள்ளிப் போனோம்.

ஒரு திருப்பத்தில் மஞ்சள் நிறக் கிரேடர் ஒன்று வேலை செய்துகொண்டிருந்தது. இரவு மழை அரித்த இடத்தைச் சீவி, ஓரத்துக்கு ஒதுங்கிய கல்லை நடுவுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார் ஓட்டுநர். ஐம்பது வயது இருக்கும், வாயில் பற்றவைக்காத சிகரெட். சுற்றிலும் ஒரு வீடு தெரியவில்லை, ஒரு ஆள் இல்லை. எங்களுக்காக வண்டியை ஓரங்கட்டி, போகச் சொல்லிக் கை காட்டினார். நான் போகவில்லை. அவர் சீவி முடித்திருந்த இடத்துக்கு நடந்து போய், பையிலிருந்து பாட்டிலை எடுத்தேன்.

"அம்மா, வேணாம்மா. சொன்னாக் கேளு."

ஊற்றினேன். வலது பக்கம் தண்ணீர் ஒழுங்காக ஓடிக் கால்வாயில் விழுந்தது. இடது பக்கம் ஓரடி போய் யோசித்து, அங்கேயே சின்னக் குட்டையாக நின்றுவிட்டது. ஓட்டுநர் கேபினிலிருந்து எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், உரிந்த முழங்கையைப் பார்த்தார், குட்டையைப் பார்த்தார். நீளமாக ஏதோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று கேட்டேன். மொழிபெயர்க்க மாட்டேன் என்று மகன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பிறகு அவர் கதவைச் சாத்திக்கொண்டு, பிளேடை இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து, வண்டியைப் பின்னால் எடுத்தார்.